டவர் கிடைக்காத வீட்டில் சில வருடங்கள்

செல்போன் கோபுரத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மேடு, அதன்மேல் அடர்ந்த மரங்கள். வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டால் போனை அணைத்துப் போடுங்கள், சிம்மைக் கழற்றி மாட்டுங்கள் என்பார்கள். மேட்டை யார் கழற்றுவது? சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று இறங்கியதில், வருடக்கணக்கில் பயன்படுத்திய பிறகு எது நிலைத்தது என்று எழுதுகிறேன்.

திரையின் மேலே தெரியும் கோடுகளை நான் இப்போது பார்ப்பதே இல்லை. எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒவ்வொரு போன் நிறுவனத்துக்கும் ஒரு கணக்கு. நம்பக்கூடியது டிபிஎம் எண்தான், அதாவது சிக்னலின் பலத்தைச் சொல்லும் எண். மைனஸில் வரும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. பல ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதிக்குள் சிம் நிலையைத் திறந்தால் தெரியும். 4ஜி-யில் மைனஸ் 90 பக்கம் இருந்தால் கவலையில்லை. மைனஸ் 110-க்குக் கீழே போனால் பேச்சு விட்டு விட்டு வரும். மைனஸ் 120 ஆகிவிட்டால் கூப்பிட்டுப் பயனில்லை. எங்கள் சமையலறையில் மைனஸ் 118 காட்டும் போன் மாடி ஜன்னலில் மைனஸ் 104 காட்டுகிறது. 14 தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் 10 கூடினாலே சிக்னல் பத்து மடங்கு, 14 என்றால் 25 மடங்கு.

சிம் வாங்கும்போது அலைவரிசையையும் விசாரியுங்கள். 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். 1800, 2300 எல்லாம் அவ்வளவு தூரம் தாங்காது. போனும் அந்தக் குறைந்த அலைவரிசையை ஏற்க வேண்டும். ஒரே சிம் ஒரு போனில் பேசுவதும் இன்னொன்றில் திணறுவதும் பல நேரம் இதனால்தான்.

எங்களுக்குக் கைகொடுத்தது, கூரைமேல் ஒரு வெளி ஆன்டெனா, அதற்கு நேர் கீழே 4ஜி ரவுட்டர், அதிலிருந்து வைஃபை காலிங், அதாவது போன் கோபுரத்தை நேரடியாகப் பிடிக்காமல் வைஃபை வழியாகப் பேசுவது. ஆன்டெனா உயரத்தில் கோபுரத்தைப் பார்த்து நிற்பதால் கீழே எட்டாத சிக்னல் அதற்கு எட்டுகிறது. வயரை மட்டும் நீளமாக இழுக்காதீர்கள். மேலே பிடித்ததில் பாதியை வயரே தின்றுவிடும். போனில் 'வைஃபைக்கு முன்னுரிமை' என்று வைக்க வேண்டும், இல்லையென்றால் அது நொண்டிச் சிக்னலையே பிடித்துத் தொங்கும். அப்படியும் அடம்பிடித்தால் ஏரோப்ளேன் மோடைப் போட்டு வைஃபையை மட்டும் ஆன் செய்கிறேன். இதில் எதிர்பாராத லாபம் பேட்டரி. சிக்னல் குறைந்தால் கோபுரத்துக்கு எட்டுவதற்காகப் போன் தன் முழு சக்தியில் கத்தும். வைஃபையில் அந்தக் கத்தல் இல்லை, சார்ஜ் மாலை வரை நிற்கிறது.

குறைகளும் உண்டு. பேசிக்கொண்டே வாசலைத் தாண்டினால் அழைப்பு அறுந்துவிடும். மின்சாரம் போனால் ரவுட்டரும் போகும், அதற்கென்று சின்ன யூபிஎஸ் வைத்திருக்கிறேன். ஓடிபி இன்னும் தலைவலிதான். எல்லா நிறுவனமும் எஸ்எம்எஸ்ஸை வைஃபை வழியாக அனுப்புவதில்லை, மாடி ஜன்னலுக்கு ஓடுவதற்குள் நேரம் முடிந்துவிடும். கடும் மழையில் இலைகள் நனைந்தால் வேகமும் இறங்கும்.

வெளியே பிடித்த சிக்னலைப் பெருக்கி வீட்டுக்குள் பரப்பும் சிக்னல் பூஸ்டர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். பல நாடுகளில் அனுமதியில்லாமல் வைப்பது குற்றம். உள் ஆன்டெனாவும் வெளி ஆன்டெனாவும் நெருக்கமாக இருந்தால் ஒன்றின் சிக்னலை மற்றது பிடித்துச் சுழன்று, அந்தப் பகுதிக்கே இரைச்சலாகும்.

கோபுரத்திலேயே மின்சாரம் போய் அதன் பேட்டரியும் தீர்ந்துவிட்டால் மேலே சொன்ன எதுவும் உதவாது. அதற்காக இரண்டாவது சிம் ஒன்று வைத்திருக்கிறேன். வாங்கும் முன் அது வேறு கோபுரத்திலிருந்து வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நிறுவனங்களின் கருவிகள் ஒரே கோபுரத்தில் இருப்பது சகஜம்.