டூ-வே ரிலே செஞ்சு பாக்க ப்ளூட்டோ எஸ்டிஆர் வாங்கலாமா?

ரெண்டு ரேடியோவுக்கு நடுவுல சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பற ரிலே ப்ராஜெக்ட் எடுக்கறவங்க நிறைய பேர் மேட்லாப்ல ஒரு எரர் ரேட் கர்வ் வரைஞ்சதோட நிறுத்திடறாங்க, நிஜமா ரெண்டு சிக்னல் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா எப்படி இருக்கும்னு பாக்கறதே இல்ல. பாக்கணும்னு ஆசை இருந்தா அனலாக் டிவைசஸ் கம்பெனியோட அடால்ம்-ப்ளூட்டோ (சிக்னல் வேலையை சாஃப்ட்வேர்லயே செய்யற எஸ்டிஆர் ரேடியோ போர்டு) மூணு வாங்குங்க, பேசிக்கறதுக்கு ரெண்டு நோடு, நடுவுல ஒரு ரிலே.

நேரா பேசிக்க முடியாத ரெண்டு நோடு ரிலே வழியா மாத்தி மாத்தி அனுப்பினா 4 ஸ்லாட் (அனுப்பறதுக்கான நேரத் துண்டு) ஆகும். ரெண்டும் ஒரே நேரத்துல அனுப்பி, கலந்து வந்ததுல இருந்தே ரிலே எக்ஸார் (ரெண்டு பிட்டும் ஒண்ணா இருந்தா 0, வேறயா இருந்தா 1) எடுத்துத் திருப்பி அனுப்பினா 2 ஸ்லாட்ல முடிஞ்சிடும், தன்னோட பிட்டை வெச்சு ஒவ்வொரு நோடும் மத்ததோடதைக் கண்டுபிடிச்சுக்கும். 2006-ல ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்துல இருந்து வந்த யோசனை இது, இன்னைக்கும் எனக்கு இதுமேல தீராத பிரியம்.

பேப்பர்ல ரொம்ப சுலபம். பிட்டை +1, −1-ஆ அனுப்பற பிபிஎஸ்கே சிக்னல் ரெண்டு சேர்ந்தா +2, 0, −2, நடுவுல விழுந்தா எக்ஸார் 1, ஓரத்துல விழுந்தா 0. நடுப்புள்ளி ரெண்டு மடங்கு அடிக்கடி வரும்ங்கறதால நடுவா ஓரமான்னு பிரிக்கற த்ரெஷோல்டை 1-லயே வைக்காம நாய்ஸுக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் வெளிய தள்ளணும், அவ்ளோதான். ஆனா ப்ளூட்டோல ஓட்டினா அந்த மூணு புள்ளி நிக்கவே நிக்காது! ரெண்டு சிக்னலோட ஃபேஸ் ஒத்துப்போற நேரம் மூணு, 90 டிகிரி விலகினா நாலு, மறுபடி மூணுன்னு விரிஞ்சு சுருங்கிக்கிட்டே இருக்கும்.

காரணம் ரெவ் பி போர்டுல (ப்ளூட்டோவோட ஒரு வெர்ஷன்) இருக்கற 25 பிபிஎம் ஆஸிலேட்டர், அதாவது அதோட அலைவரிசை 10 லட்சத்துல 25 பங்கு வரைக்கும் விலகலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல அது 60 கிலோஹெர்ட்ஸ், ரெண்டு நோடும் எதிரெதிர் பக்கம் விலகினா 120. நொடிக்கு 10 லட்சம் சிம்பல் (இங்க ஒரு சிம்பல்னா ஒரு பிட்) அனுப்பறப்ப எட்டொம்போது சிம்பலுக்குள்ள ஒரு முழு சுத்து போயிடும், ரிலே ஒருத்தரோட ஆஃப்செட்டை (இந்த விலகலை) சரி பண்ணினாலும் இன்னொருத்தரோடது சுத்திக்கிட்டேதான் இருக்கும். அதனால ப்ரியாம்பிள் (டேட்டாவுக்கு முன்னாடி போற, ரிலேக்கு ஏற்கெனவே தெரிஞ்ச பிட்டுகள்) ரெண்டையும் ஒண்ணா அனுப்பாதீங்க, முதல்ல ஒரு நோடு, அப்புறம் இன்னொண்ணு, அதுக்கப்புறம்தான் டேட்டா சேர்ந்து வரணும். அப்பதான் ரெண்டு சேனலையும் தனித்தனியா எஸ்டிமேட் பண்ணலாம், ஆஃப்செட்டை நோடுக்கே திருப்பிச் சொல்லி அங்கயே சரி பண்ணிட்டு அனுப்ப வைக்கலாம். ரெண்டு நோடையும் ஒத்துப்போக வைக்கற இந்த சின்க் வேலைதான் முக்கால்வாசி ப்ராஜெக்ட்னு வெச்சுக்குங்க. வெளி க்ளாக் இன்புட் இருக்கற ரெவ் சி கிடைச்சா யோசிக்காம அதையே எடுங்க.

ரிசீவர் சிக்னலை எவ்ளோ பெருக்கணும்ங்கற கெயின் மோடை மேனுவல்ல வைங்க. ஆட்டோல விட்டா பாக்கெட் நடுவுல கெயின் மாறி லெவல் எல்லாம் நகர்ந்து டிடெக்டர் குழம்பிடும்.

கூட வர்ற ஆன்டெனா 824–894, 1710–2170 மெகாஹெர்ட்ஸுக்கானது, 2.4-க்கு வேற வாங்கணும். முதல்ல காத்துலயே விடாம கேபிள், கம்பைனர், 30 டிபி அட்டெனுவேட்டர் (சிக்னலோட பவரைக் குறைக்கறது) போட்டு ஆரம்பிக்கறது நல்லது.

யூஎஸ்பி 2.0தான்ங்கறதால விடாம ஸ்ட்ரீம் பண்ண 4 எம்எஸ்பிஎஸ் (நொடிக்கு 40 லட்சம் சாம்பிள்) கிட்டதான் நம்பலாம், ஆனா இந்த வேலைக்கு அது தாராளம். க்னூ ரேடியோ, மேட்லாப் ரெண்டுலயும் ப்ளாக் ரெடியா இருக்கு.

டிடெக்ஷன் கோடை சொந்தமா எழுதப் போறவங்களுக்கு நான் கண்ணை மூடிக்கிட்டு சிபாரிசு பண்ணுவேன். பெட்டியைப் பிரிச்சதும் ஓடணும்னு நினைக்கறவங்க வாங்க வேண்டாம்.