குடிநீர்த் தேக்கத்தை எதைக் கொண்டு மூடுவது: பந்து, மிதவை விரிப்பு, புதைத்த தொட்டி

சுத்திகரித்து முடித்த குடிநீரைத் திறந்த வெளியில் தேக்கி வைப்பதன் விலையை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 2007இல் அறிந்தது. சில்வர் லேக், எலிசியன் ஆகிய நீர்த்தேக்கங்களின் நீரில் இயல்பாகவே கலந்திருந்த புரோமைடு என்னும் உப்பு, கிருமி நீக்கத்துக்காகச் சேர்த்த குளோரினோடு வெயிலில் வினைபுரிந்து, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் புரோமேட்டாக மாறியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே, இத்தகைய தேக்கங்களை மூட வேண்டும், அல்லது அவற்றிலிருந்து வெளிவரும் நீரை மறுபடியும் கிருமிநீக்கம் செய்ய வேண்டும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விதி வகுத்திருந்தது. அதன்பின் அந்நகரம் மூன்று வழிகளைக் கையாண்டது.

முதல் வழி, கருநிறப் பாலித்தீன் பந்துகள். 175 ஏக்கர் பரப்புள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் நீர்த்தேக்கத்தில் 2015இல் 9.6 கோடி பந்துகளைப் பரப்ப 3.45 கோடி டாலர் செலவாயிற்று; அதையே இரண்டாகப் பிரித்து மிதவை விரிப்பால் மூடுவதற்கு 30 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். ஆனால் இவ்விரு தொகைகளையும் நேருக்கு நேர் வைப்பது சரியன்று. பந்துகள் வெயிலைத் தடுக்கும், நீர் ஆவியாவதையும் குறைக்கும். கிரிப்டோஸ்போரிடியம் போன்ற நுண்ணுயிரியைத் தடுக்க மாட்டா. ஆகவே நீரைக் கிருமிநீக்கம் செய்யப் புற ஊதாக்கதிர் நிலையம் ஒன்றைத் தனியே கட்ட வேண்டியிருந்தது. பந்துகளைத் தயாரிப்பதற்கே, வறட்சிக் காலத்தில் அவை மிச்சப்படுத்தியதைவிட அதிக நீர் செலவாகியிருக்கக்கூடும் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

மிதவை விரிப்பு, நீரின் முழுப் பரப்பையும் மூடுவதோடு பழைய தேக்கத்தின் கொள்ளளவையும் ஏறக்குறைய அப்படியே காக்கிறது. அதன் குறை பழுதுபார்ப்பில் வெளிப்படுகிறது: விரிப்பு கிழிந்தால் மேலே தேங்கிய மழைநீரும் பறவை எச்சமும் குடிநீரில் கலக்க வழியுண்டு என்பதால், தேக்கத்தையே வற்றச் செய்ய வேண்டியிருக்கும். சுமார் 44 கோடி லிட்டர் கொள்ளும் சாண்டா இனெஸ் நீர்த்தேக்கம் இவ்வாறுதான் விரிப்புக் கிழிசலால் 2024இல் காலியாக்கப்பட்டது; 2025 ஜனவரியில், அது அமைந்துள்ள லாஸ் ஏஞ்சல்ஸின் பாலிசேட்ஸ் பகுதி பற்றி எரிந்தபோதும் அது காலியாகவே கிடந்தது. அத்தீயின்போது தீயணைப்புக் குழாய்கள் வற்றியதற்கு அது ஒன்றே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ஆயினும், ஒரே விரிப்பை நம்பிய தேக்கம் பல மாதங்கள் ஊருக்குப் பயன்படாமற் போனது என்பதை எந்தத் திட்டப் பொறியாளரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் இருக்கக் கூடாது.

என் தேர்வு புதைத்த கான்கிரீட் தொட்டிதான். கிரிஃபித் பூங்காவின் வடக்கே, ஆற்றை ஒட்டி அமைந்த ஹெட்வொர்க்ஸ் தேக்கம் இரண்டு தனித்தனித் தொட்டிகளாகக் கட்டப்பட்டது. ஒன்றைக் காலி செய்து கழுவும்போதும் மற்றொன்று நீர் வழங்கும். வெயில், பறவை, புகை எதுவும் உள்ளே புகுவதில்லை. ஆனால் இதற்குக் கொடுக்கும் விலை கொள்ளளவு: சில்வர் லேக்கும் அதை ஒட்டிய ஐவன்ஹோ தேக்கமும் சேர்ந்த தொகுதி சுமார் 300 கோடி லிட்டர் கொண்டது; அதன் இடத்துக்கு வந்த ஹெட்வொர்க்ஸோ 42 கோடி லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே கொள்ளும். சுமார் 1,250 கோடி லிட்டர் தேக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் நீர்த்தேக்கத்தை இம்முறையில் புதைப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. அங்கே பந்தும் புற ஊதாக்கதிரும் சேர்ந்த ஏற்பாட்டையே நானும் ஏற்பேன். குடியிருப்புகளின் நடுவே இருந்த சில்வர் லேக், குடிநீர்ப் பணியிலிருந்து விலகியபின், குடிப்பதற்கல்லாத நீரால் 2017இல் மீண்டும் நிரப்பப்பட்டது.