சம்பளம் கூடவா, ஈக்விட்டி கூடவா? ஸ்டார்ட்அப் ஆஃபரை எண்ணில் போட்டுப் பார்த்தால்

ஸ்டார்ட்அப்பில் டெவலப்பர் வேலைக்குப் பேசும்போது பல இடங்களில் இரண்டு கணக்கு முன்வைப்பார்கள். ஒன்றில் சந்தைச் சம்பளம் முழுசாக, ஆப்ஷன் (நிறுவனப் பங்கைப் பின்னால் வாங்கும் உரிமை) கொஞ்சம். மற்றதில் சம்பளத்தைக் குறைத்து ஆப்ஷனைக் கூட்டியிருப்பார்கள். நான் எடுத்தது முதலாவதை. முதல் ஐந்தாறு ஊழியர்களில் ஒருவராகச் சேராத எவருக்கும் அதையே சொல்வேன்.

சம்பளம் மாதாமாதம் வரும், ஈக்விட்டி, அதாவது நிறுவனப் பங்கிலிருந்து வரும் பணம், வராமலும் போகும் என்பது தெரிந்த விஷயம். வெஸ்டிங்கிலும், அதாவது ஆப்ஷன் தவணை தவணையாக உங்களுடையதாவதிலும், இரண்டு ஆஃபருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. வழக்கமாக நான்கு ஆண்டு, அதில் முதல் ஆண்டு க்ளிஃப்: 12 மாதம் முடியும் முன் கிளம்பினால் ஒன்றுமில்லை, முடிந்த அன்று கால்வாசி, பிறகு மாதத்துக்கு 48-இல் ஒரு பங்கு.

சந்தைச் சம்பளம் ஆண்டுக்கு 100 என்று வையுங்கள். முதல் ஆஃபரில் 100-ம் நிறுவனத்தின் மொத்தப் பங்கில் 0.1 சதவீதமும், இரண்டாவதில் 75-ம் 0.5 சதவீதமும். நான்கு ஆண்டில் விட்டுக்கொடுப்பது 100, அதாவது ஒரு முழு ஆண்டுச் சம்பளம். அதற்கு ஈடாகக் கூடுதலாகக் கிடைப்பது 0.4 சதவீதம். நடுவில் இரண்டு சுற்று நிதி திரட்டி, ஒவ்வொரு சுற்றிலும் 20 சதவீதம் புது முதலீட்டாளருக்குப் போனால் அது 0.256 ஆகச் சுருங்கிவிடும். விட்ட 100-ஐத் திரும்பப் பார்க்கவே நிறுவனம் சுமார் 39,000-க்கு விலைபோக வேண்டும். அதுவும் ஆப்ஷனை வாங்கும் செலவைச் சேர்க்காமல், எல்லோரும் சமமாகப் பிரித்துக்கொண்டால்தான். லிக்விடேஷன் ப்ரிஃபரன்ஸ் இருந்தால் முதலீட்டாளர் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்வார். 30,000 திரட்டிய நிறுவனம் 30,000-க்கு விற்கப்பட்டால் ஊழியருக்குப் பூஜ்ஜியம்.

இதெல்லாம் கடைசிவரை இருப்பவருக்கான கணக்கு. பாதியில் கிளம்புபவருக்குத்தான் உண்மையான சிக்கல். என் முடிவைத் தீர்மானித்ததும் இதுதான்.

ஆப்ஷன் என்பது பங்கு அல்ல, பங்கை ஸ்ட்ரைக் விலையில், அதாவது ஆப்ஷன் தரும்போதே குறித்த விலையில், வாங்கும் உரிமை. வேலையை விட்டபின் அந்த உரிமை பெரும்பாலும் 90 நாள்தான் உயிரோடிருக்கும். (அமெரிக்க வரிச்சட்டம் ஒருவகை ஆப்ஷனின் வரிச்சலுகைக்கு மூன்று மாத வரம்பு வைத்திருக்கிறது, ஒப்பந்தங்களில் அதுவே வழக்கமாகிவிட்டது.) மொத்தப் பங்கு ஒரு கோடி என்றால் 0.5 சதவீதம் 50,000 ஆப்ஷன். இரண்டு ஆண்டில் கிளம்பினால் 25,000 வெஸ்ட் ஆகியிருக்கும். ஒரு பங்கின் ஸ்ட்ரைக் விலை, சம்பளத்துக்கு வைத்த அதே கணக்கில், 0.001 என்றால் வாங்கவே 25 வேண்டும். பங்கின் மதிப்பு இதற்குள் 0.003 ஆகியிருந்தால், கையில் வராத 50 லாபத்துக்குப் பல நாடுகளில் அப்போதே வரி உண்டு. 30 சதவீதம் என்றால் 15. ஆக மொத்தம் 40. 75 சம்பளம் வாங்கியவருக்கு அது ஆறு மாதச் சம்பளத்துக்கும் மேல். அந்தப் பங்கை விற்க ஆள் கிடையாது. கட்ட முடியாவிட்டால் எல்லாம் காலாவதி. முதல் ஆஃபரில் இதே செலவு 8, ஒரு மாதச் சம்பளம்தான்.

சம்பளத்தைக் குறைத்துக்கொண்டவரிடம்தான் ஆப்ஷனை வாங்கப் பணமும் இருக்காது. இந்த முரணை ஆஃபர் பேசும்போது யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

90 நாளை நீட்டிக்கச் சம்மதித்தால் நிலைமை மாறும். பின்டரெஸ்ட் நிறுவனம் 2015-இல் இரண்டு ஆண்டு வேலை செய்தவர்களுக்கு அதை ஏழு ஆண்டாக நீட்டித்தது. இப்படி எழுத்தில் கிடைத்தால் இரண்டாவது ஆஃபரையும் யோசிக்கலாம். வளர்ந்த ஸ்டார்ட்அப்கள் ஆப்ஷனுக்குப் பதில் ஆர்எஸ்யூ (விலை கொடுத்து வாங்காமல் நேராகவே கிடைக்கும் பங்கு) கொடுத்தால் ஸ்ட்ரைக் விலைப் பிரச்சினையே கிடையாது. வரி மட்டும் நாட்டுக்கு நாடு வேறு. மேலே சொன்ன 30 ஓர் உதாரணம்தான், கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள்.

கையெழுத்துக்கு முன் நான்கு கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்புங்கள்: ஆப்ஷன்களையெல்லாம் சேர்த்து மொத்தப் பங்கு எத்தனை, ஸ்ட்ரைக் விலை என்ன, ப்ரிஃபரன்ஸ் மொத்தம் எவ்வளவு, விலகியபின் எத்தனை நாள் அவகாசம். "50,000 ஆப்ஷன் தருகிறோம்" என்று மட்டும் சொல்லி, மொத்தப் பங்கைக் கேட்டால் மழுப்புகிறார்கள் என்றால் ஈக்விட்டிக்குப் பூஜ்ஜியம் போட்டுவிட்டுச் சம்பளத்தை மட்டும் பேசுங்கள்.