உப்பு நீச்சல் குளம்: ஐந்து வருட அனுபவம்

எங்கள் தோட்டத்துக் குளம் சின்னது, 45,000 லிட்டர். முதல் நான்கு வருடம் சாதாரணக் குளோரினில் ஓட்டினோம். உப்புக்கு மாற்றி ஐந்து வருடம் ஆகிறது.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது, "அப்போ இதில் குளோரின் கிடையாதா?" கண்டிப்பாக உண்டு. லிட்டருக்கு மூன்றரை கிராம் உப்புள்ள தண்ணீர், இயந்திரத்தில் "செல்" எனப்படும் பகுதிக்குள் டைட்டானியத் தகடுகளைக் கடக்கும்போது, மின்சாரம் அந்த உப்பிலிருந்தே குளோரினை உண்டாக்குகிறது. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம். இங்கே அதில் பத்தில் ஒரு பங்குதான் என்பதால் வாயில் பட்டாலும் லேசாகத்தான் கரிக்கும்.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மருந்து போடுவோம். வெயில் குறைத்து, வியாழக்கிழமைக்குள் அது தீர்ந்துவிடும். பற்றாத குளோரின் வியர்வையோடு சேர்ந்து குளோரமின் ஆகும். மூக்கைத் துளைக்கும் அந்த வாடைக்கும் மகளின் கண் சிவந்ததற்கும் காரணம் அதுதான். குளோரின் அதிகமாகிவிட்டது என்று நினைத்து நான் இன்னும் குறைத்தேன், பாவம் பிள்ளை! இப்போது தினமும் அளவாக ஊறுவதால் அந்தத் தொல்லை இல்லை. தினமும் அளந்து மருந்து போடும் பொறுமை இருந்தால் பழைய குளத்திலும் ஏறக்குறைய இதே சுகம் கிடைக்கும். எங்களுக்கு அது இருக்கவில்லை.

எங்களைப் பாடாய்ப் படுத்தியது போர்த் தண்ணீரின் கடினத்தன்மை. முதல் கோடையிலேயே தண்ணீர் பச்சையாகிவிட்டது. செல்லைக் கழற்றினால், வாட்டர் ஹீட்டர் காயிலில் படிவது போலத் தகடெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு. பிறகு குளோரின் எங்கே உண்டாகும்! அதன்பின் மாதம் ஒருமுறை நீர்த்த ஆசிடில் கழுவினோம். அப்படியும் நான்காம் வருடம் செல் போய்விட்டது. புதியதற்கு, மொத்த இயந்திரம் வாங்கிய விலையில் பாதி ஆனது. தண்ணீரின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) வேறு ஏறிக்கொண்டே இருக்கும். வாரா வாரம் ஆசிட் ஊற்ற வேண்டும். நாள் முழுக்கக் கரண்ட் இல்லையென்றால் குளோரினும் இல்லை. திரவக் குளோரின் ஒரு கேன் எப்போதும் கையிருப்பில் வைத்திருக்கிறேன்.

ஏணியின் திருகுகள் துருப்பிடித்தன. பில்டர் கழுவிய தண்ணீரை வாழைக்கு விட்டதில் இலை ஓரமெல்லாம் கருகிப்போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தத் தண்ணீரைச் செடிப் பக்கமே விடாதீர்கள்.

உப்பு ஆவியாகாது. ஆனால் ஐப்பசி மழையில் குளம் நிரம்பி வழியும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். மழை ஓய்ந்ததும் அளந்து பார்த்து, அயோடின் சேர்க்காத உப்பு போடுவோம், பெரும்பாலும் ஒரு மூட்டை.

போன வருடத்திலிருந்து, குறையும் தண்ணீருக்கு முடிந்தவரை மாடியில் சேமித்த மழைநீரையே விடுகிறோம். செல்லை இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கழுவுகிறேன்.