'ஜிடிசி அங்கீகாரம் பெற்ற சிபிடி' என்று யாராவது விற்றால் பணம் கட்டாதீர்கள்

பிரிட்டனில் வேலை பார்க்கும் நம் பல் மருத்துவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அந்த விளம்பரம் மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஐந்து ஆண்டுக்கு வேண்டிய 100 மணி நேர சிபிடியும் (பதிவில் தொடர பல் மருத்துவர்கள் செய்தாக வேண்டிய தொடர் பயிற்சி) ஒரே சந்தாவில் கிடைக்கும், வீட்டிலிருந்தே முடிக்கலாம், ஜிடிசி (பிரிட்டனின் பல் மருத்துவக் கவுன்சில்) அங்கீகாரம் உண்டு என்று போட்டிருக்கிறார்கள். போன டிசம்பரில் இதே நிறுவனத்துக்கு நான் 120 பவுண்டு கட்டினேன். நடந்ததைச் சொல்கிறேன். இந்த டிசம்பரில் இன்னொருவர் மாட்டக்கூடாது.

முதலில் அந்த 'அங்கீகாரம்'. ஜிடிசி எந்த சிபிடி நிறுவனத்துக்கும் அங்கீகாரம் கொடுப்பதில்லை. எந்த சிபிடி பாடத்தையும் பார்த்து முத்திரை குத்துவதும் இல்லை. ஆகவே அப்படி எழுதியிருந்தாலே அது பொய், மேற்கொண்டு விசாரிக்கத் தேவையில்லை. ஓஆர்இ (வெளிநாட்டில் படித்தவர்கள் பிரிட்டனில் பதிவு பெற எழுதும் தேர்வு) முடித்து வந்த புதியவர்கள்தான் இதில் சுலபமாகச் சிக்குகிறார்கள். ஊரில் மாநில கவுன்சில் ஒப்புதல் கொடுத்த நிகழ்ச்சிக்குப் போய் பாயிண்ட் வாங்கிப் பழகியவர்களுக்கு 'கவுன்சில் அங்கீகாரம்' என்பது இயல்பான பேச்சாகத்தான் தெரியும். இந்த நிறுவனமும் அதைத் தெரிந்துதான் செய்கிறது.

எனக்கு அந்த டிசம்பர் ஏன் முக்கியமாக இருந்தது என்றால், அதற்கு முந்தைய ஆண்டு பெரும்பாலும் பேறுகால விடுப்பில் இருந்தேன். 2018 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, ஐந்து ஆண்டில் 100 மணி நேரம் முடித்தால் மட்டும் போதாது. அடுத்தடுத்த எந்த இரண்டு ஆண்டை எடுத்தாலும் குறைந்தது 10 மணி நேரம் இருக்க வேண்டும். விடுப்பில் இருந்ததற்கு விலக்கு எதுவும் கிடையாது. குறைந்தால் நோட்டீஸ் வரும், பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்கவும் ஜிடிசிக்கு அதிகாரம் உண்டு. பெயர் இல்லாத நாளில் நோயாளியின் வாயைத் திறந்து பார்க்கக்கூட முடியாது. டிசம்பர் கடைசியில் எத்தனை பேர் இந்தப் பதற்றத்தில் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் விளம்பரமும் அப்போது வருகிறது.

சரி, பாடம் எப்படி இருந்தது? எக்ஸ்ரே பாதுகாப்பு பற்றிய வீடியோவை முதலில் போட்டேன். மூன்றாவது ஸ்லைடிலேயே 'ஐஆர்எம்இஆர் 2000' என்று பெரிதாக இருந்தது. மருத்துவக் கதிர்வீச்சுக்கான அந்த விதிமுறைகள் போய், 2017 விதிமுறைகள் 2018 பிப்ரவரியிலேயே அமலுக்கு வந்துவிட்டன. காலாவதியான சட்டத்தைச் சொல்லிக்கொடுத்து அதற்கு மணி நேரம் கணக்குக் காட்டுகிறார்கள். கடைசியில் ஒரு வினாடி வினா. தப்பான விடையைத் தட்டினால் சரியான விடை பச்சையில் மின்னும், திரும்பத் தட்டினால் தேர்ச்சி. கதிர்வீச்சு சம்பந்தப்பட்ட விஷயத்தில் இப்படி ஒரு தேர்ச்சியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

உண்மையான அடி சான்றிதழில் விழுந்தது. ஒன்றரை மணி நேர வீடியோவுக்கு 5 மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். பாடத்தின் நோக்கம் என்ன, ஜிடிசி சொல்லும் ஏ, பி, சி, டி வளர்ச்சிப் பலன்களில் (பயிற்சியால் எந்தத் திறன் வளரும் என்ற வகைகள்) எதைச் சேர்ந்தது என்று ஒரு வரிகூட இல்லை. தர உறுதி செய்தவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. விவரங்கள் முழுமையானவை, சரியானவை என்று நிறுவனம் கொடுக்க வேண்டிய உறுதிமொழியும் இல்லை. இவை எல்லாம் இருந்தால்தான் அந்த நேரம் கணக்கில் சேரும். அதைவிட மோசம், தேதி. நான் படித்து முடித்தது டிசம்பரில். சான்றிதழ் 'தயாராகிக்கொண்டிருக்கிறது' என்று இழுத்தடித்து ஜனவரியில்தான் தந்தார்கள், அந்த ஜனவரி தேதியையே படித்த தேதியாகவும் அச்சடித்திருந்தார்கள். பல் மருத்துவர்களுக்கு ஆண்டுக் கணக்கு டிசம்பர் 31-ஓடு முடிகிறது. ஜனவரி தேதி போட்டால் அந்த நேரம் அடுத்த ஆண்டுக் கணக்குக்குப் போய்விடும். ஆண்டு முடிந்த 28 நாளுக்குள், எத்தனை மணி நேரம் முடித்தோம் என்று ஜிடிசிக்கு அறிக்கை கொடுத்தாக வேண்டும்.

திருத்தித் தரச் சொல்லி எழுதினேன். தானாக வரும் பதில்தான் வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் மட்டும் ஒரு மனிதர் பதில் போட்டார்: சான்றிதழைப் பதிவிறக்கம் செய்துவிட்டீர்கள், அதனால் பணம் தர முடியாது.

அந்த நிறுவனத்தின் ஒரு மணி நேரத்தைக்கூட அறிக்கையில் நான் சேர்க்கவில்லை. பொய்க் கணக்குக்குக் கையெழுத்துப் போட்டால் அதற்குப் பொறுப்பு நாம்தான், விற்றவர் இல்லை. கிளினிக்கில் எல்லோருமாகச் சேர்ந்து செய்த அவசர சிகிச்சைப் பயிற்சியும், இலையுதிர் காலத்தில் போன ஒரு முழுநாள் வகுப்பும் சேர்ந்து 10 மணி நேரத்தைத் தொட்டதால் தப்பித்தேன். பணத்துக்கு, கார்டு கொடுத்த வங்கியில் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பப் பெறுவது) கேட்டேன். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும், நிறுவனங்களுக்குத் தாங்கள் ஒப்புதல் தருவதில்லை என்று ஜிடிசி தளத்தில் இருக்கும் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். பணம் வந்துவிட்டது. இதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

இனி எங்கே வாங்கினாலும், பணம் கட்டும் முன் மாதிரிச் சான்றிதழ் ஒன்றைக் கேளுங்கள். மேலே சொன்னவை அதில் இருக்கின்றனவா பாருங்கள். காட்டத் தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள். பிரிட்டன் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸின் இ-டென் இணையப் பாடங்கள் இருக்கின்றன, முதலில் அங்கே தேடுங்கள். அவசர சிகிச்சையை மட்டும் வீடியோவில் முடிக்காதீர்கள். ஐந்து ஆண்டில் 10 மணி நேரம், ஆண்டுக்கு 2 மணி நேரமாவது என்று ஜிடிசி பரிந்துரைக்கிறது. அதைக் கிளினிக்கில் உங்கள் நர்ஸோடு சேர்ந்து, பொம்மையின் மார்பை அழுத்திப் பழகுங்கள்.

ஏற்கெனவே இந்தச் சந்தாவில் இருப்பவர்கள் இன்றைக்கே எல்லாச் சான்றிதழையும் இறக்கித் தேதியைச் சரிபாருங்கள். ஐந்து ஆண்டு சிபிடி சுழற்சி முடிந்தபின் இன்னும் ஐந்து ஆண்டு ஆவணங்கள் நம் கையில் இருக்க வேண்டும், அதுவரை அந்தத் தளம் இருக்குமா என்பதே சந்தேகம். குறைகிறது என்றால் டிசம்பர் 31-க்கு முன்னால் வேறு வகுப்பைப் பிடித்துவிடுங்கள். சான்றிதழ் பற்றிச் சந்தேகம் இருந்தால், பெயரை மறைத்துவிட்டுப் படத்தை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.