415 குச்சிகளும் ஒரு பாட்டியும்: ஜார்ஜ்டவுனில் சயாம் மரண ரயில் நிகழ்ச்சி

என் தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை. அவரைப் பற்றி எங்கள் வீட்டில் தெரிந்தது அவ்வளவுதான். போரையும் அமைதியையும் பற்றிச் சில கலைஞர்களும் ஆசிரியர்களும் பினாங்கு ஜார்ஜ்டவுனில் மாதம் ஒரு சனிக்கிழமை நிகழ்ச்சி நடத்துகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் கைதிகளையும் தொழிலாளர்களையும் வைத்துச் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதைதான் சயாம் மரண ரயில். இந்த மாதம் அதைப் பற்றி என்று கேள்விப்பட்டதும் இடைநிலைப் பள்ளியில் படிவம் 1 படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கடைவீடு. பெரியவர்களுக்கு 15 வெள்ளி (ரிங்கிட்), பிள்ளைகளுக்கு இலவசம்.

உள்ளே போனதும் தரையில் குச்சிகள். வாசலிலிருந்து பின்கட்டு வரை சிலிப்பர் கட்டை மாதிரி குறுக்காக அடுக்கியிருந்தார்கள். மொத்தம் 415. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை போட்ட பாதை 415 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு ஒரு குச்சி. அதன் ஓரமாக நடந்துகொண்டே சுவரில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். 1942 நடுவில் தொடங்கிய வேலையை 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். ஜப்பானிடம் பிடிபட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல், அவர்களில் இறந்தவர்கள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர்களை இரண்டு லட்சம் என்கிறார்கள், அதற்கும் மேல் என்கிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள்.

இந்தச் சுவர்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பல இடங்களில் ‘கொடுமை’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இங்கே ஏன் அத்தனை பேர் செத்தார்கள் என்று காரணம் சொல்கிறார்கள். கைதிகளுக்கு அவர்களுடைய அதிகாரிகள் இருந்தார்கள், கூடவே பிடிபட்ட ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள், பெயர்ப் பட்டியல் இருந்தது. தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் மட்டும் அந்தக் கைதிகள் கிட்டத்தட்ட 7,000 பேர் இருக்கிறார்கள். நம் ஆட்களின் முகாம்களில் காலரா பரவியபோது பார்க்க ஆள் இல்லை, செத்தவர்களின் பெயரை எழுதி வைக்கவும் ஆள் இல்லை.

குச்சிகளுக்குப் பக்கத்தில் பேனா வைத்திருந்தார்கள். குடும்பத்தில் யாராவது போயிருந்தால் ஒரு குச்சியில் பெயர் எழுதலாம். பேனாவை எடுத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பெயர் தெரியவில்லை. தோட்டக் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் மாடு வைத்திருந்தாராம், அதனால் மாட்டுக்காரர் என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். மகள் பேனாவை வாங்கி ‘மாட்டுக்காரத் தாத்தா’ என்று எழுதி வைத்தாள்.

மாடியில் மாணவர்கள் ஒரு சின்ன நாடகம் போட்டார்கள். 1941 டிசம்பர் 11, பினாங்கில் ஜப்பான்காரன் குண்டு விழுந்த நாள். விமானம் வருகிறதே என்று ஜனங்கள் தெருவுக்கு வந்து வேடிக்கை பார்க்கிறார்கள். நடித்த பிள்ளைகள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றதில் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அப்புறம் வெள்ளைக்காரர்கள் தங்கள் ஆட்களை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு ராத்திரியோடு போய்விடுகிறார்கள். பத்திரிகை ஆசிரியர் சரவணமுத்து, இலங்கைத் தமிழர், கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் போய் பிரிட்டிஷ் கொடியை இறக்குகிறார். இன்னும் குண்டு போடாதே என்று சொல்ல அந்தக் கொடி இறங்க வேண்டியிருந்தது. கோட்டை அங்கிருந்து பத்து நிமிட நடைதான். பினாங்கிலேயே வளரும் என் மகளுக்கு இது தெரியாது. சொல்லிக் கொடுக்காதது என் தவறு.

பிறகு கெடா தோட்டம் ஒன்றில் பிறந்த, தொண்ணூறைத் தாண்டிய ஒரு பாட்டி பேசினார். தோட்டத்தில் இலவசப் படம் காட்டுகிறார்கள் என்று அப்பா போனாராம். படம் முடிந்ததும் வெளியே லாரி நின்றதாம். செத்தார் என்று செய்தி வராததால் அம்மா கருமாதியும் செய்யவில்லை, பொட்டையும் அழிக்கவில்லை. “சாகற வரைக்கும் பொட்டோடதான் இருந்துச்சு,” என்றார். தமிழ் தெரிந்தவர்கள் யாரும் அசையவில்லை.

என் குறை இங்கேதான். மொழிபெயர்த்தவர் இதை “அம்மா ரொம்ப நாள் காத்திருந்தார்” என்று மலாயில் ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். கூட்டத்தில் பாதிப் பேர் சீனர்கள், மலாய்க்காரர்கள். பொட்டு என்றால் என்ன, அழிப்பது என்றால் என்ன என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனப் பெண்ணுக்கு என் மகள்தான் மெதுவாக விளக்கினாள். தோட்டத்து வாழ்க்கை தெரிந்த ஒருவரை மொழிபெயர்க்க வைத்திருக்க வேண்டும். சுவரிலும் மலாயும் ஆங்கிலமும்தான். தமிழ் வேண்டுமென்றால் முகப்பில் கேட்டு ஒரு நகல் தாளை வாங்கிக்கொள்ள வேண்டும். போய்ச் செத்தவர்களின் மொழியைக் கேட்டு வாங்கும்படி வைக்கக் கூடாது.

கடைசி அரை மணி நேரம் பிள்ளைகளுக்குக் காகிதக் கொக்கு மடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஹிரோஷிமா அணுகுண்டின் கதிர்வீச்சால் நோயுற்று, காகிதக் கொக்கு மடித்துக்கொண்டே இறந்துபோன சிறுமி சடாகோவின் கதையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பாட்டி பேசி முடித்த சூட்டில், வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களிடம் என்ன கேட்கலாம் என்று பிள்ளைகளை நான்கு கேள்வி எழுத வைத்திருந்தால் இன்னும் உருப்படியாக இருந்திருக்கும்.

பசியாற வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு, உப்பில்லாமல். தொட்டுக்கொள்ள சம்பல் தனியாக இருக்கிறது, ஆனால் முதல் வாய் வெறுமனே சாப்பிட்டுப் பாருங்கள். மாடிப்படி செங்குத்தானது, முட்டி வலி உள்ளவர்கள் ஏற முடியாது. சனிக்கிழமை அங்கே கார் நிறுத்த இடம் கிடைக்காது. கொம்தார் கட்டடத்தில் விட்டுவிட்டு நடப்பது நல்லது.

திரும்பி வரும்போது காரிலிருந்தே மகள் என் அம்மாவுக்குப் போன் போட்டு மாட்டுக்காரத் தாத்தாவின் பெயரைக் கேட்டாள். அம்மா வெகுநேரம் யோசித்து, முத்து என்று முடியும், சுங்கை பட்டாணி அத்தையைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். குச்சிகளை அடுத்த மாதம் வரை எடுக்க மாட்டார்களாம். அம்மாவையும் அழைத்து வருகிறேன், கீழ்த்தளத்தில் ஒரு நாற்காலி வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.