லாரி ஓட்டுநர் பயிற்சி ஒப்பந்தம்: வெற்றுக் காசோலையில் கையெழுத்திடாதீர்கள்

குறிஞ்சிப்பாடி, வடலூர், பண்ருட்டிப் பக்கத்திலிருந்து புதுச்சேரிக்கு லாரி ஓட்டும் வேலை தேடிப் போகும் தம்பிமார்களுக்காக இதை எழுதுகிறேன். கனரக வாகன உரிமம் எடுக்கும் செலவையும் பயிற்சிச் செலவையும் நிறுவனமே ஏற்கும் என்றும், பதிலுக்கு 2 ஆண்டுகள் அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்றும் சொன்னபோது, கையில் காசில்லாத எனக்கு அது பெரிய வாய்ப்பாகவே தெரிந்தது.

முத்திரைத்தாளில் தட்டச்சு செய்த நான்கு பக்கங்களை என் முன்னால் வைத்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் விரலால் தொட்டுக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். இடையில் நின்றால் 1,50,000 ரூபாய் கட்ட வேண்டும் என்ற வரி மூன்றாம் பக்கத்தில் இருந்தது. பத்தாம் வகுப்பு அசல் மதிப்பெண் சான்றிதழை வாங்கிக்கொண்ட பிறகு, "சும்மா ஒரு செக்யூரிட்டிக்குத்தான் தம்பி" என்று சொல்லித் தொகையும் தேதியும் எழுதாத இரண்டு காசோலைகளிலும் கையெழுத்து வாங்கினார்கள். ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டதற்கு, பிறகு தருவதாகச் சொன்னவர்கள் கடைசி வரை தரவேயில்லை.

பேசிய சம்பளம் மூன்று மாதம்தான் ஒழுங்காக வந்தது. அதன் பிறகு படிக்காசு மட்டும்தான். தூக்கமில்லாமல் அடுத்தடுத்து லோடு ஏற்றி அனுப்பினார்கள். ஒன்பதாம் மாதம், ஒரு வார்த்தைகூட எழுத்தில் கொடுக்காமல் வண்டிச் சாவியை மேலாளர் மேசையில் வைத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். அது என் தவறு. சம்பளப் பாக்கியைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பியிருந்தால், ஒப்பந்தத்தை முதலில் மீறியது யார் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இருந்திருக்கும்.

அவர்கள் ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போடவில்லை. காசோலை ஒன்றில் 1,50,000 என்று நிரப்பி வங்கியில் போட்டார்கள். பணம் கொடுக்க வேண்டாம் என்று வங்கியில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் தப்பித்துவிடலாம் என நினைத்திருந்தேன். அதுவும் என்னைக் காக்கவில்லை. காசோலை திரும்பியதும் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவின் கீழ் வக்கீல் நோட்டீஸ் வந்தது. நோட்டீஸ் கைக்குக் கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் கட்டாவிட்டால் அது குற்ற வழக்காகிறது; 2 ஆண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மனமறிந்து கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையை வேறொருவர் நிரப்பினாலும், கடனுக்காகவே கொடுக்கப்பட்டது என்று சட்டம் அனுமானிக்கும் என 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை மறுத்து நிரூபிக்கும் பாரம் நம் தலையில் விழுகிறது. அவர்களுடைய வங்கிக் கணக்கு புதுச்சேரியில் இருந்ததால் வழக்கும் அங்கேதான் நடந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியை இழந்து பேருந்தில் போய் வந்தேன்.

இலவச சட்ட உதவி மூலம் கிடைத்த வழக்கறிஞர்தான் எனக்கு ஒன்றை விளக்கினார். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி, பத்திரத்தில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. நியாயமான இழப்பீட்டைத்தான் கேட்க முடியும். எனக்காக நிறுவனம் உண்மையில் செலவிட்டது 32,000 ரூபாய் என்று பயிற்சிப் பள்ளியின் ரசீது காட்டியது. 24 மாதத்தில் 15 மாதம்தான் பாக்கி என்பதால் 20,000 ரூபாய்தான் நியாயம் என்று அவர் வாதாடினார். அதற்காக இத்தகைய ஒப்பந்தங்களே செல்லாது என்று யாரும் நம்பிவிட வேண்டாம். வங்கி ஊழியர் ஒருவர் இடையில் விலகிய வழக்கில் 2 லட்ச ரூபாய் ஒப்பந்தத்தை 2025-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

இறுதியில் 55,000 ரூபாய்க்குச் சமரசமாகி, அம்மாவின் வளையலை அடகு வைத்துக் கட்டினேன். சான்றிதழும் அன்றே கைக்கு வந்தது. கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பயிற்சிச் செலவு எவ்வளவு, மாதம் போகப்போக அது எப்படிக் குறையும் என்று எழுதச் சொல்லுங்கள். காசோலை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே நோட்டீஸ் வந்திருந்தால், 15 நாள் கெடு முடிவதற்குள் 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழையுங்கள். இரண்டாவது காசோலையை நான் சமரச நாளிலேயே எழுத்துப்பூர்வமாகத் திரும்பக் கேட்டு, அவர்கள் முன்னிலையிலேயே கிழித்துப் போட்டேன்.